மேசை ஆட்டத்தில் எவ்வளவு மூழ்கலாம்? தங்கச்சிமடம் வாசகருக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் அண்ணே. தங்கச்சிமடத்தில் மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். வயது 26. கோவையில் படிக்கும்போது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழக்கமானது. ஊருக்கு வந்ததும் ஆறு பேரைச் சேர்த்து எட்டு மாதமாக நடத்துகிறேன். கேம் மாஸ்டர் நான்தான். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணி நேரம் ஆடுகிறோம். அதற்கு வாரத்தில் பதினைந்து மணி நேரமாவது தயாரிப்பு வேலை பார்க்கிறேன். ராஜ்ஜியங்களின் வரலாறு மட்டும் 90 பக்கம் எழுதிவிட்டேன். புத்தகம், டைஸ், பொம்மை என்று 22,000 ரூபாய் போயிருக்கும். ஆனால் ஆறு பேரில் ஒழுங்காக வருவது மூன்று பேர்தான். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் இரண்டு பேர் (திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரைக்கு வருவார்கள்) பாதி நாள் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். கேட்டால் "விளையாட்டுத்தானடா" என்கிறார்கள். இன்னொருவன் நேர்மாறு. அவனுடைய கேரக்டர் செத்ததற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவோ "இந்த வயசுல தாயம் உருட்டிக்கிட்டு" என்று திட்டுகிறார். நான் அளவு மீறிப் போகிறேனா? மற்றவர்களை என் அளவுக்குக் கொண்டுவர என்ன வழி? 2024 பதிப்புப் புத்தகங்கள் மூன்றையும் வாங்கலாமா? இருக்கிற புத்தகங்களில் பூஞ்சை வேறு பிடிக்கிறது. பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகப் பேசுவார்கள். கேம் மாஸ்டர் உலகத்தையும் எதிரிகளையும் வழியில் வரும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார். எது நடக்கும் என்று நிச்சயமில்லாத இடத்தில் டைஸ் முடிவு சொல்லும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் முதலில் அச்சில் வந்தது.

ஒரு பொழுதுபோக்கில் ஆழமாக இறங்குவதில் தவறே இல்லை. உங்கள் உழைப்பு எங்கே போகிறது என்பதுதான் எனக்குக் கவலை. கடைசி மூன்று செஷன்களை நினைத்துப் பாருங்கள். அந்த 90 பக்கத்தில் எத்தனை வரி மற்றவர்கள் காதில் விழுந்தது? பத்து வரி தேறினால் அதிகம். மீதியெல்லாம் நீங்கள் தனியாக ஆடிய ஆட்டம். அதுவும் ஒரு சந்தோஷம்தான், எழுதப் பிடித்தால் எழுதுங்கள். ஆனால் அந்த உழைப்பைக் கூட்டாளிகளின் கணக்கில் எழுதி, பதிலுக்கு அவர்களும் அதே அளவு தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு செஷனில் எவ்வளவு கதை கொள்ளும் என்று கணக்கிடுவோம். ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டு. எதிரிகளுக்கு மூன்று நிமிடம். சண்டையில் ஒரு சுற்று முடியவே கால் மணி நேரம். சாதாரணச் சண்டை நான்கு சுற்று போகும், அதாவது ஒரு மணி நேரம். மூன்று மணி நேர செஷனில் ஒரு சண்டை, இரண்டு மூன்று பேச்சுக் காட்சி, ஒரு இடத்தைத் தேடிப் பார்ப்பது. அவ்வளவுதான் அடங்கும். இதற்கு ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு தாராளம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒரே தாளில் முடியுங்கள். மேலே முதல் காட்சி மூன்று வரி: எங்கே இருக்கிறார்கள், யார் வந்து என்ன கேட்கிறார், இவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும். மூன்றாவது வரியைத்தான் பலரும் எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் ஆட்கள் அரை மணி நேரம் "என்ன செய்யலாம்" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து மூன்று ஆட்கள், ஒவ்வொருவருக்கும் பெயரும் அவருக்கு வேண்டியது என்ன என்பதும். மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணில் படும் இரண்டு பொருள். கடைசியாக நான்கு துப்பு. இந்தத் துப்புகளை எந்த இடத்தோடும் கட்டிப்போடாதீர்கள். வலை பின்னும் பெரியவர் வாயிலிருந்தும் வரலாம், செத்துக் கிடப்பவன் மடியிலிருந்தும் வரலாம்.

கதை நின்றுபோவதற்கு முக்கியமான காரணமே, ஒரே துப்பை ஒரே ஒரு டைஸ் உருட்டலுக்குப் பின்னால் பூட்டி வைப்பதுதான். நடுத்தரக் கடினம் 15 என்று வைக்கிறீர்கள் (டைஸில் விழும் எண்ணும் ஆடுபவரின் திறமைப் புள்ளியும் சேர்ந்து 15-ஐத் தொட வேண்டும்), ஆடுபவருக்கு +2 இருக்கிறது. இருபது முக டைஸில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 40 சதவீதம். அதாவது நூற்றுக்கு அறுபது தடவை உங்கள் கதை அந்த இடத்திலேயே தட்டி நிற்கும். துப்பைச் சும்மா கொடுத்துவிடுங்கள். அதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரமானது, யார் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு டைஸ் உருட்டுங்கள்.

இனி, வராதவர்கள். இரண்டு படகுக்காரர்களுக்கும் ஈடுபாடு இல்லை என்று முடிவுகட்டிவிட்டீர்கள். நீங்களே எழுதிய நாட்களைக் கொஞ்சம் பாருங்கள். சனிக்கிழமை போனவர் ஞாயிறு காலை கரைக்கு வருகிறார். ராத்திரி முழுக்கக் கண்விழித்த உடம்பு. மீன் இறக்க வேண்டும், பங்கு பார்க்க வேண்டும், கோயில், குடும்பம் என்று இருக்கிறது. மறுபடி திங்கள் போவதற்கு ஐஸும் டீசலும் ஏற்ற வேண்டும். வாரத்தில் ஏழு நாள் இருக்க, அவருக்கு ஆகவே ஆகாத ஒரு நாளை நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அதுவும் ஐந்து மணி நேரத்துக்கு. வியாழனுக்கு மாற்றுங்கள். புதன் போனவர் வியாழன் காலை வந்து, மதியம் வரை தூங்கி எழுந்துவிடுவார். அடுத்த பயணம் சனிக்கிழமைதான். மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, மூன்றே மணி நேரம். ஒன்பதரை ஆனால் சண்டை பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். அடுத்த வாரம் வர அதுவே காரணமாகிவிடும்.

நாளை மாற்றிய பிறகும் ஆறு பேரும் உங்கள் அளவுக்கு வர மாட்டார்கள். வரவும் வேண்டியதில்லை. எந்தக் குழுவிலும் நாலு வகை ஆட்கள் இருப்பார்கள். ஒருவருக்குக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து சிரிப்பதே போதும், விதியெல்லாம் ஏறாது. ஒருவருக்குச் சண்டையும் கணக்கும் பிடிக்கும். ஒருவர் தன் கதாபாத்திரத்தின் அப்பன் பாட்டன் வரை எழுதி வருவார். இன்னொருவர் உங்களைப் போல உலகத்தையே கட்டுவார். நாலு பேரும் நல்ல ஆட்டக்காரர்களே. எல்லாரிடமும் பொதுவாகக் கேட்கக்கூடியது மூன்றே மூன்று: வர முடியாவிட்டால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்வது, தன் கேரக்டர் ஷீட்டில் (கதாபாத்திரத்தின் திறமைகளையும் பொருட்களையும் எழுதிய தாளில்) என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது, தன் முறை வரும்போது போனைப் பார்க்காமல் இருப்பது. இதற்கு மேல் கேட்டால் அது வீட்டுப்பாடம்.

மூன்று பேர் வந்தாலே ஆட்டம் உண்டு என்று அறிவித்துவிடுங்கள். ஆள் குறைந்தால் ரத்து என்று வைத்தால், வரும் மூவரும் பழக்கம் விட்டுப்போய் நின்றுவிடுவார்கள். வராதவரின் கதாபாத்திரம் அன்றைக்குப் படகைக் காவல் காக்கட்டும். அவருக்குத் தண்டனையாக அனுபவப் புள்ளியைக் குறைக்காதீர்கள், ஆறு பேரும் ஒரே நிலையில் இருக்கட்டும். மூன்று வாரம் தவறியவர் திரும்பி வந்து, தன் ஆள் மட்டும் சோப்ளாங்கியாக நிற்பதைப் பார்த்தால் நான்காவது வாரம் வர மாட்டார்.

ஈடுபாட்டைக் கூட்ட எனக்குத் தெரிந்து நிச்சயமாகப் பலிக்கும் வழி ஒன்று உண்டு: உங்கள் வேலையில் ஒரு துண்டை அவர்களிடம் கொடுப்பது. ஒருவர் போன வாரக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லட்டும். ஒருவர் சண்டையில் யார் முறை என்பதைப் பார்க்கட்டும். ஒருவர் அரிசி, தண்ணீர், கயிறு, காசுக் கணக்கு வைக்கட்டும். படகுக்காரர்கள் இருவருக்கும் காற்றும் கடலும். "இன்றைக்கு இந்தக் காற்றில் தீவுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்று நீங்கள் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதே ஆட்டத்தில் தீர்ப்பு. நீங்கள் கற்பனையாக எழுதிய வடகடல் ராஜ்ஜியத்தில் அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்க முடியும். அதே கதையை இந்தக் கரைக்கு மாற்றிப் பாருங்கள். வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம் இருக்கிறது. ரோமானியக் காசும், கப்பல் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்த பழைய துறைமுகம். கீழக்கரைப் பக்கம் பெரியபட்டினம், அங்கே சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது. இந்த இரண்டு ஊரையும் ஆயிரம் வருடம் பின்னால் தள்ளி வைத்தாலே உங்கள் 90 பக்க வேலை முடிந்தது, வரைபடம் உட்பட. ஆனால் இன்றைக்கு இருக்கும் குடும்பப் பெயர்களையும், ஆட்கள் நேர்ந்துகொள்ளும் கோயில், தர்கா, மாதா கோயிலையும் கதைக்குள் இழுக்காதீர்கள். ஊருக்குள் ஒரு வார்த்தை திரிந்து போனால் ஆட்டமே நின்றுவிடும்.

காற்றுக்கு ஒரு சின்ன விதி தருகிறேன், வியாழனன்றே போட்டுப் பாருங்கள். கதைக்குள் ஒவ்வொரு நாள் விடியும்போதும் இரண்டு தாயக்கட்டையை உருட்டுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, வெறுமை என நான்கு பக்கம், ஆக மொத்தம் 16 விதமாக விழும். கூட்டினால் 3 வருவது நான்கு விதம், 2-உம் 4-உம் மும்மூன்று, 1-உம் 5-உம் இரண்டிரண்டு, 6 ஒரே ஒரு விதம், இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆவதும் ஒரே ஒரு விதம். ஆகவே 3 விழுந்தால் நேற்றைய காற்றே. 2 என்றால் வாடை (வடக்குக் காற்று), 4 என்றால் சோழகம் (தெற்குக் காற்று), 1 கொண்டல் (கிழக்குக் காற்று), 5 கச்சான் (மேற்குக் காற்று). 6 விழுந்தால் காற்றே இல்லை, பாய் தொங்கிவிடும். பன்னிரண்டு விழுந்தால் புயல். பதினாறு நாளைக்கு ஒரு புயல் என்பது கதைக்குச் சரியான அளவு, அதைவிட அடிக்கடி வந்தால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். எந்தக் காற்றில் எந்தப் பக்கம் பாய் கட்டிப் போகலாம் என்பதைப் படகுக்காரர்களிடம் விட்டுவிடுங்கள்.

முடிவே இல்லாத கேம்பெய்னையும் (செஷன் செஷனாகத் தொடரும் நீண்ட கதையையும்) நிறுத்தலாம். முதல் நிலையில் தொடங்கி இருபதாம் நிலை வரை போவதாகத் திட்டமிடும் குழுக்களில் அங்கே போய்ச் சேர்வது வெகு சில. எட்டு செஷனில் முடியும் கதையாக வையுங்கள். முடிந்ததும் இரண்டு வாரம் விட்டு, தொடர விருப்பமா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். எட்டு வாரத்துக்கு வருகிறேன் என்று எவரும் சொல்வார்கள், முடிவு தெரியாத ஒன்றுக்குச் சொல்லத் தயங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எட்டு அல்லது ஒன்பது வியாழன் வரும், ஒரு முழுக் கதைக்கு அது அளவாக இருக்கும். அந்தச் சமயத்தில் படகு மராமத்து இருக்கும், சிலர் வேறு கரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் மார்ச் மாதமே கேட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறிக்க வேண்டாம். புயல் எச்சரிக்கையில் படகு கரையில் கட்டிக் கிடந்தால் ஆள் சும்மா இருப்பார், மனசு சும்மா இருக்காது.

இரண்டு நாள் சாப்பிடாத தம்பியைப் பற்றி. மாதக்கணக்கில் ஒரு ஆளாகவே பேசி, யோசித்து, அந்த ஆள் செத்தால் மனசு கனக்கத்தான் செய்யும், அதைக் கேலி செய்யக் கூடாது. நீங்கள் செய்யத் தவறியது, ஆட்டத்திலிருந்து ஆளை வெளியே கொண்டுவருவது. செஷன் முடிந்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப விடாதீர்கள். பத்து நிமிடம், டீ போட்டு, எல்லாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எந்த இடம் பிடித்தது, எது உறுத்தியது என்று பேச வேண்டும். கேரக்டர் சாகும் நிலை வந்தால் அந்த நிமிடமே முடிவு செய்யாமல், "சாகட்டுமா, பிடிபடட்டுமா, ஊனத்தோடு பிழைக்கட்டுமா?" என்று ஆடுபவரிடமே கேட்கலாம். மூன்றில் எதுவுமே கதைக்கு நல்லதுதான். செத்தே போனால், அவன் பெயரில் மற்றவர்கள் செய்யும் ஒரு காரியத்தை அடுத்த செஷனில் வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, எதை ஆட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று முதலிலேயே பேசி வைப்பது. இந்தக் கரையில் படகோடு காணாமல் போவதும், எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போவதும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அடித்துப்போன புயலும் கற்பனைச் சரக்கு இல்லை. உங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பவர் வீட்டிலேயே அது நடந்திருக்கலாம், அவர் உங்களிடம் சொல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல், வேண்டாத விஷயங்களை எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன புயல் விதியையும் அந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகே வையுங்கள். அதோடு நடுவில் ஒரு அட்டை கிடக்கட்டும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. உலகமெங்கும் ஆடுபவர்கள் இதை எக்ஸ் கார்டு என்பார்கள். தொடவே தொடாமல் கிடந்தாலும் அது அங்கே இருக்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு அடுத்த வாரம் பசியும் தூக்கமும் திரும்பியிருந்தால் பிரச்சினை இல்லை. திரும்பாமல், வேலைக்கும் போகாமல், ஆட்டம் தவிர வேறு எதிலும் ஆள் ஒட்டாமல் இருந்தால் காரணம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஆட்டத்திலிருந்து அவரை விலக்கிவிடாதீர்கள். அவருக்கு வாரத்தில் ஆட்களோடு உட்காரும் நேரம் அது ஒன்றாகவே இருக்கலாம்.

உங்களுக்கும் ஒரு அளவுகோல் சொல்கிறேன். ஆட்டத்துக்காகக் கடன் வாங்கியது, கம்பெனிக் கணக்கு தள்ளிப்போனது, வீட்டு விசேஷத்துக்குப் போகாதது, தொடர்ந்து தூக்கம் கெட்டது. இந்த நான்கில் எதுவும் இல்லையென்றால் நீங்கள் அளவு மீறவில்லை. அம்மாவின் கோபம் டைஸின் மேல் இல்லை என்றே நினைக்கிறேன். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் இல்லை. வியாழனுக்கு மாறினாலே பாதி சரியாகிவிடும். சூது என்ற பயமும் இருந்தால், காசு வைத்து ஆடவில்லை என்பதை வாயால் சொல்லாமல் ஒரு நாள் உட்கார்த்திக் காட்டுங்கள். 1980-களில் அமெரிக்காவிலும் பெற்றோர்கள் இந்த ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரிதாகப் பயந்தார்கள், ஆராய்ந்து பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அம்மாவிடம் இந்த வரலாறெல்லாம் செல்லாது. காற்று விதிக்குத் தாயக்கட்டையை அவர் கையில் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள்.

2024 புத்தகங்களை வாங்க வேண்டாம். 2014 பதிப்பு உங்களிடம் இருக்கிறது, அதுவே போதும். அந்தப் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டது, ஆறு பேரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பதிப்பையும் கலந்தால் ஒரே மந்திரத்துக்கு இரண்டு விதமான வாசகம் வந்து, எது சரி என்ற வாதத்திலேயே அரை மணி நேரம் போகும். பொம்மைகளும் போதும், இனி புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். ஏழு டைஸ் கொண்ட செட் இரண்டு பேருக்கு ஒன்று இருந்தால் சரி. பற்றாக்குறை என்றால், இருபது சம அளவு அட்டைத் துண்டில் எண் எழுதி, துணிப்பையில் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். 1979 வாக்கில் டைஸ் தட்டுப்பாடு வந்தபோது, பதிப்பகமே பெட்டிக்குள் எண் அச்சிட்ட துண்டுகளைத்தான் வைத்துக் கொடுத்தது. எடுத்ததைத் திரும்பப் பைக்குள் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு வாய்ப்பு மாறிவிடும். பாயில் உட்கார்ந்து ஆடும்போது டைஸ் ஓடாமல் இருக்க ஒரு சுளகில் பழைய துண்டை விரித்து அதற்குள் உருட்டுங்கள். மொட்டை மாடியில் ஆடினால் ஷீட்டெல்லாம் பறக்கும், ஆளுக்கொரு பரீட்சை அட்டை கட்டாயம்.

பூஞ்சைக்கு வருவோம். கடலோரக் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருவதால், திறந்த அலமாரியில் இருக்கும் வழவழப்புத் தாள் ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பக்கத்தை வெடுக்கென்று பிரித்தால் மை உரிந்து வந்துவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் புத்தகத்தை நிறுத்தி வைத்து, சிலிக்கா ஜெல் ஐம்பது கிராம் துணியில் கட்டிப் போடுங்கள். நிறம் மாறும் வகையில் ஆரஞ்சிலிருந்து பச்சையாகிற ஜெல்லை வாங்குங்கள், நீல வகையில் கோபால்ட் உப்பு உண்டு, அது வீட்டுக்கு வேண்டாம். பச்சையானதும் சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் குறைந்த தீயில் சூடேற்றினால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். பூஞ்சை பிடித்த பக்கங்களைக் காலை நேரத்தில் நிழலில் காற்றாட விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு மென்மையான பிரஷால் வீட்டுக்கு வெளியே தட்டுங்கள். உச்சி வெயிலில் வைத்தால் முதுகுப் பசை விண்டு பக்கம் கழன்றுவிடும். உலோக டைஸ் இருந்தால் ஆடி முடித்ததும் கை வியர்வையைத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். பிளாஸ்டிக் டைஸுக்கு அந்தக் கவலை இல்லை. செஷனுக்கு அடிக்கடி தேவைப்படும் இருபது பக்கத்தை நகலெடுத்துப் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டால், புத்தகம் டப்பாவை விட்டு வெளியே வர வேண்டியதே இருக்காது.